லென்ஸும் வெயிலும் கொண்டு தீ மூட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்தால் காகிதத்தில் ஓட்டை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஓட்டையிலிருந்து விறகு பற்றும் அளவுக்கு ஒரு நெருப்பை எழுப்புவது வேறு வேலை. பலர் பாதியில் நின்றுவிடுவது இங்கேதான். புகை வரும், கருகும், ஓட்டை விழும், அத்தோடு சரி. லென்ஸ் சிறியது, வெயில் போதவில்லை என்று முடிவுகட்டிவிட்டுத் தீப்பெட்டியைத் தேடப் போய்விடுவார்கள்.

பெரும்பாலும் குறை லென்ஸில் இருப்பதில்லை, அதன் கீழே வைத்த பொருளில் இருக்கிறது. சிறிய லென்ஸ் நேரடியாகக் கொழுந்துவிட்டு எரியும் தீயைத் தராது. அது தருவது ஒரு கங்கு. அந்தக் கங்கைப் பிடித்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும், கங்கிலிருந்து கொழுந்து எழ இன்னொரு பொருள் வேண்டும். இந்த இரண்டையும் சரியாகத் தயார் செய்துவிட்டால் உள்ளங்கையில் அடங்கும் லென்ஸே போதும். அதனால்தான் லென்ஸைவிட நாருக்கும் கரிக்கும் இந்த வழிகாட்டியில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

மனிதர்களுக்கு இது மிகப் பழைய வழக்கம். கி.மு. 423-இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், கடன் வழக்கை எழுதிய மெழுகுப் பலகையைத் தீ மூட்டும் கண்ணாடியால் உருக்கிவிடலாம் என்று ஒரு பாத்திரம் யோசனை சொல்கிறது. அப்போதே பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தக் கண்ணாடி தெரிந்த பொருளாக இருந்திருக்கிறது. ஜோசப் பிரீஸ்ட்லி 1774 ஆகஸ்ட் 1 அன்று பாதரச ஆக்சைடைச் சூடாக்கி ஆக்சிஜனைப் பிரித்ததும் 12 அங்குல லென்ஸ் ஒன்றின் வெப்பத்தால்தான்.

தொடங்கும் முன்: கண்

இதைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடிகூட. விழித்திரை வெந்தால் வலி தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு கறை தோன்றும்போதுதான் தெரியவரும், அது நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

அடுத்தது, லென்ஸ் குவிக்கும் ஒளிப்பொட்டை உற்றுப் பார்ப்பது. வெள்ளைக் காகிதத்தில் விழும் பொட்டு கண்ணைக் கூசவைக்கும். நல்ல கறுப்புக் கண்ணாடி அணியுங்கள், பொட்டின் மையத்தை விட்டு அதைச் சுற்றியுள்ள புகையைக் கவனியுங்கள். பளபளக்கும் உலோகம், கண்ணாடி, டைல்ஸ் மீது பொட்டை விழவைக்காதீர்கள். அங்கிருந்து ஒளி திரும்பி யார் முகத்தில் போய் விழும் என்று சொல்ல முடியாது. தாள் அளவு ஃபிரெஸ்னல் லென்ஸை (வளையங்கள் செதுக்கிய தட்டையான பிளாஸ்டிக் லென்ஸ்) எடுப்பவர்கள் வெல்டிங் செய்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் தொடவேண்டாம்.

குழந்தைகளிடம் லென்ஸைக் கொடுத்தால் கூடவே நில்லுங்கள். எறும்பின் மீதோ, யாருடைய கையிலோ விளையாட்டுக்குக்கூடப் பொட்டை வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோலில் ஒரு நொடியில் கொப்புளம் எழும்.

லென்ஸைத் தேர்ந்தெடுப்பது

மேகம் இல்லாத நாளில் சூரியன் உச்சியில் இருக்கும்போது, வெயிலுக்கு நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் அதிலிருந்து பிடிப்பது 2 வாட் மட்டுமே. கண்ணாடியின் மேல்பரப்பும் கீழ்ப்பரப்பும் தலா 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் கீழே வந்து சேர்வது ஏறக்குறைய 1.8 வாட். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் இந்த 1.8 வாட்டும் ஒரு கடுகின் அளவில் இறங்குகிறது, அங்கேதான் அதன் வலிமை.

அந்தப் பொட்டு எவ்வளவு சிறிதாக முடியும்? அது உண்மையில் சூரியனின் படம். சூரியனின் விட்டம் நம்மிடமிருந்து அதன் தூரத்தில் ஏறக்குறைய 108-இல் ஒரு பங்கு. எனவே பொட்டின் விட்டமும் லென்ஸின் குவியத் தொலைவில் (லென்ஸிலிருந்து பொட்டு மிகச் சிறிதாகும் இடம்வரை உள்ள தூரம்) 108-இல் ஒரு பங்குதான், அதற்குக் கீழே எந்த லென்ஸாலும் இறக்க முடியாது. 15 செ.மீ. குவியத் தொலைவு என்றால் பொட்டு 1.4 மி.மீ. 30 செ.மீ. என்றால் 2.8 மி.மீ. லென்ஸின் அகலம் இரண்டிலும் ஒன்றே என்றால், இரண்டாவதில் அதே ஆற்றல் நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது, சூட்டின் செறிவு கால்பங்காகிறது. ஆக, ஒரே அகலமுள்ள இரண்டு லென்ஸ்களில் நடுவில் தடிமனாகப் புடைத்திருப்பதை எடுங்கள். அதற்குத்தான் குவியத் தொலைவு குறைவு.

அதற்காக ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. நகை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸின் குவியத் தொலைவு 2.5 செ.மீ.தான். பொட்டு கால் மில்லிமீட்டருக்கு வந்துவிடும். ஆனால் அந்த லென்ஸின் அகலம் 2 செ.மீ.கூட வராது, பிடிக்கும் ஆற்றல் கால் வாட் சுற்றித்தான். அந்தச் சூடு விழுந்த இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஓடிவிடும். கை ஒரு மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலே குவியம் கலைந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. கரித்துணியில் (கருக்கிய பருத்தித் துணி, செய்முறை பின்னால் வரும்) அதைக் கொண்டு கங்கு பிடிக்கலாம், மற்றவற்றில் கஷ்டம்.

என் பரிந்துரை: 5 முதல் 10 செ.மீ. அகலம், 12 முதல் 25 செ.மீ. குவியத் தொலைவு, கண்ணாடியால் ஆனது. 10 செ.மீ. லென்ஸ் 7 வாட் தரும். அது கையில் இருந்தால் இந்த வழிகாட்டியில் சொல்லும் பல நுணுக்கங்களில் தவறினாலும் தீ வந்துவிடும்.

மூக்குக்கண்ணாடி பயன்படுமா? பவர் பிளஸ்ஸாக இருந்தால் பயன்படும். எழுத்தின் மேல் பிடித்துப் பாருங்கள், எழுத்து பெரிதாகத் தெரிந்தால் அது குவிலென்ஸ். சிறிதாகத் தெரிந்தால் கிட்டப்பார்வைக்கான குழிலென்ஸ், அது ஒளியை விரிக்கும், எந்த உச்சி வெயிலிலும் தீ வராது. பிளஸ் 3 பவர் என்றால் குவியத் தொலைவு 33 செ.மீ. தனியாக அது கொஞ்சம் பலவீனம். ஆனால் இரண்டு வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பிடித்தால் பவர் கூடிவிடும். பிளஸ் 3-உம் பிளஸ் 3-உம் சேர்ந்து 6, குவியத் தொலைவு 17 செ.மீ. பொட்டு பாதியாகும், செறிவு நான்கு மடங்கை நெருங்கும். காட்டில் இருவர் வாசிப்புக் கண்ணாடியோடு இருந்தால் தீப்பெட்டி கவலை இல்லை. சிலிண்டர் பவர் உள்ள கண்ணாடி மட்டும் பொட்டுக்குப் பதில் ஒரு கோட்டைக் காட்டும், அது உதவாது.

பிளாஸ்டிக் அட்டையில் மெல்லிய வளையங்கள் செதுக்கிய ஃபிரெஸ்னல் லென்ஸ் பர்ஸில் வைத்துக்கொள்ள வசதியானது. வளையங்கள் உள்ள பக்கம் சூரியனைப் பார்க்க வேண்டும், வழவழப்பான பக்கம் கீழே. மாற்றிப் பிடித்தால் பொட்டு மங்கும். ஒரு பக்கம் தட்டையாக உள்ள கண்ணாடி லென்ஸுக்கும் இதே விதிதான்: புடைத்த பக்கம் மேலே, தட்டை கீழே.

வெயிலைப் படிப்பது

வெளிச்சம் நிறைய இருப்பதும் நல்ல வெயில் அடிப்பதும் ஒன்றல்ல. மெல்லிய மேகம் போர்த்திய நாளில் வானமெங்கும் வெளிச்சம் இருக்கும், ஆனால் ஒளி நாலாபக்கமும் சிதறி வரும். சிதறிய ஒளியை எந்த லென்ஸாலும் ஒரு புள்ளியில் கூட்ட முடியாது. உங்கள் நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கத்தரித்தாற்போல் தெளிவாக இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஓரம் மங்கி, நிழல் வெளிறி இருந்தால் காத்திருங்கள்.

நிழலின் நீளமும் ஒரு கணக்குச் சொல்லும். நிழல் உங்கள் உயரத்துக்குச் சமம் என்றால் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது, நல்ல நேரம். ஒன்றே முக்கால் மடங்கு நீண்டுவிட்டால் 30 டிகிரி. அப்போது கதிர்கள் உச்சியில் இருப்பதைவிட இரண்டு மடங்கு காற்றைக் கடந்து வருகின்றன. தூசி, புகை, ஈரம் எல்லாம் சேர்ந்து ஆற்றலைத் தின்னும். பெரிய லென்ஸுக்கு இதுவும் போதும், சிறியதற்கு சந்தேகம். மாலையில் சமைக்க வேண்டும் என்றால் மூன்று மணிக்கே கங்கைப் பிடித்துத் தீயை எழுப்பி, தணலைச் சாம்பலுக்குள் மூடிக் காத்துவைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஒலிம்பியாவில் 1936 முதல் ஒலிம்பிக் சுடரைக் குழியாடியால் சூரியனிடமிருந்தே பற்றவைக்கிறார்கள். அங்கேகூட ஒத்திகை நாளில் பிடித்த தீயைப் பத்திரமாகப் பாதுகாத்து வைப்பார்கள். 2024 பாரிஸ் போட்டிக்கான விழா நாளில் மேகம் மூடிக்கொண்டதால் அந்தக் காப்புத் தீதான் கைகொடுத்தது. உங்களுக்கும் மாற்று ஏற்பாடு ஒன்று இருக்கட்டும்.

கங்கு பிடிக்கும் பொருள்

இங்கேதான் நிதானம் வேண்டும். நல்ல கங்குப் பொருளுக்கு மூன்று குணம்: கறுப்பு, உலர்வு, நெருக்கம்.

கறுப்பு ஏன் என்றால், வெள்ளைப் பொருள் வந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கண்ணைக் கூசவைக்கும் அந்தப் பளீர் பொட்டு, வீணாகப் போகும் ஆற்றலின் அடையாளம். அதே லென்ஸை அச்சடித்த செய்தித்தாளின் கறுப்புப் பகுதியில் வைத்துப் பாருங்கள், உடனே புகையும். வெளிர்நிறப் பொருள்தான் இருக்கிறது என்றால் பழைய அடுப்புக்கரியைப் பொடித்து அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். இந்தச் சின்ன வேலை லென்ஸின் அகலத்தைக் கூட்டியதற்குச் சமம்.

உலர்வு பற்றி ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிராம் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க 2500 ஜூலுக்கு மேல் தேவை. 1.8 வாட் லென்ஸ் அதைச் செய்ய 20 நிமிடத்துக்கும் மேலாகும். பொருளில் ஈரம் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டத் திணறும், காகிதம் பற்ற வேண்டியதோ சுமார் 230 டிகிரி. தொட்டால் காய்ந்தது போல் தோன்றும் சருகிலும் காற்றின் ஈரம் ஊறியிருக்கும். கறுப்புத் துணியின் மேல் அரை மணி நேரம் வெயிலில் பரப்பிவைத்த பிறகே தொடங்குங்கள்.

மூன்றாவது, நெருக்கம். தளர்வான பஞ்சில் பொட்டு விழுந்தால் அந்த இழைகள் கருகி மறையும், சூடு பரவ அடுத்து எதுவும் இருக்காது. ஓட்டை விழுந்து வேலை முடிந்துவிடும். அழுத்திச் செறிந்த பொருளில் ஓர் இழையின் சூடு அடுத்த இழைக்குத் தாவும். காகிதத்தில் ஓட்டை மட்டும் விழுவதற்கும் இதுவே காரணம். ஒற்றைத் தாளை விட்டுவிட்டு, எட்டாக மடித்து நடுவில் பொட்டை வைத்தால் நிலைமை மாறுவதைப் பார்க்கலாம்.

இந்த மூன்று குணமும் ஒன்றாக அமைந்தது கரித்துணி. அதைச் செய்ய முழுப் பருத்தித் துணி வேண்டும். பழைய ஜீன்ஸ், பருத்திப் பனியன் எதுவானாலும் சரி. செயற்கை இழை கலந்த துணி உருகிப் பிசினாகிவிடும், வேண்டாம். மூடியுள்ள சிறிய தகர டப்பாவின் மூடியில் ஓர் ஆணியால் ஒரே ஒரு துளை போடுங்கள். துணியைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி, திணிக்காமல் உள்ளே அடுக்கி மூடி, வெளியில் திறந்த இடத்தில் தணலின் மேல் வையுங்கள். துளை வழியே புகை வரும், சில சமயம் அந்தப் புகையே பற்றி எரியும், பயப்பட வேண்டாம். புகை நின்றதும் டப்பாவை இடுக்கியால் எடுத்து, ஒரு குச்சியால் துளையை அடைத்துவிடுங்கள். முழுவதும் ஆறும்வரை திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் உள்ளிருப்பது கனன்று சாம்பலாகும். சரியாக வந்த துணி முழுக் கறுப்பாக, மிருதுவாக, இழுத்தால் லேசாகக் கிழிவதாக இருக்கும். பழுப்பு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வேகவேண்டும். தொட்டாலே பொடிந்தால் அதிகமாகிவிட்டது. நல்ல கரித்துணியில் 5 செ.மீ. லென்ஸைக் காட்டினால் ஓரிரு நொடியில் செந்நிற விளிம்போடு கங்கு படரத் தொடங்கும். ஊதக்கூட வேண்டியதில்லை. ஏன் இப்படி? ஈரமும் எளிதில் ஆவியாகும் பொருள்களும் முன்பே வெளியேறிவிட்டதால், வரும் வெப்பம் முழுவதும் கரியைக் கனலவைப்பதற்கே போகிறது.

கரித்துணி கையில் இல்லாதபோது உளுத்த மரம் நல்ல துணை. காய்ந்து, விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு இற்றுப்போன மரத்துண்டு. அதன் மேல்பரப்பை முன்பே ஒருமுறை தீயில் வாட்டிக் கறுக்கவைத்து வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம். காய்ந்த சாணமும் கங்கை நெடுநேரம் காக்கும். குளிர் நாடுகளில் மரங்களில் வளரும் குளம்பு வடிவக் காளான் ஒன்றின் சதையை இதற்கென்றே பதப்படுத்தினார்கள். 1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட, 5000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஊட்சி என்ற மனிதனின் பையிலும் அந்தக் காளான் இருந்தது. முதல் முறை பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது கரியால் செய்த கறுப்பு ஊதுவத்தி. அதன் நுனியில் பொட்டை நிறுத்தினால் கங்கு பிடித்து அணையாமல் நிற்கும், பழகிக்கொள்ள அதைவிட எளிய பொருள் இல்லை.

கொழுந்து எழுப்பும் பொருள்

இதற்குத் தேவையான குணம் நேர் எதிர்: தளர்வு, மென்மை, நிறையக் காற்று. நிறம் முக்கியமில்லை. சணல் கயிற்றைப் பிரித்த இழை, தேங்காய் நார், காய்ந்த புல், மரப்பட்டையின் உள்நார் எதையும் எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே நன்றாகத் தேய்த்து மெல்லியதாக்குங்கள். இரண்டு கை நிறைய வேண்டும். பறவைக்கூடு போல நடுவில் குழி விட்டு வனையுங்கள். உட்புறம் மிக மெல்லிய இழை, வெளிப்புறம் சற்றுத் தடித்த இழை. குழிக்குள் உளுத்த மரத்தூளோ கரித்தூளோ ஒரு சிட்டிகை தூவினால் கங்கு உள்ளே இன்னும் வளரும்.

கூட்டைச் செய்து முடித்ததும் அடுத்த வேலைகளையும் முடித்துவிடுங்கள்: ஈர்க்குச்சி அளவுச் சுள்ளி ஒரு பிடி, பென்சில் அளவு இரண்டு பிடி, விரல் தடிமனில் ஒரு கட்டு. கங்கு விழுந்த பிறகு சுள்ளி தேடி ஓடுவதால் அணைந்த தீ ஏராளம்.

பொட்டைப் பிடித்து நிறுத்துவது

உங்களைச் சுற்றி ஓர் ஆள் நீளத்துக்குச் சருகும் புல்லும் இல்லாமல் நிலத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். காற்று பலமாக அடித்தாலோ, அந்தப் பகுதியில் தீ மூட்டத் தடை இருந்தாலோ அன்றைக்கு வேண்டாம். கோடையில் உலர்ந்த புல்வெளி ஒரு பொறிக்குத்தான் காத்திருக்கும்.

கங்குப் பொருளை மரப்பலகை மேல் வையுங்கள். ஈர மண்ணும் கல்லும் சூட்டை உறிஞ்சிவிடும். பலகையைச் சாய்த்து, பொருளின் பரப்பு சூரியனை நேராகப் பார்க்குமாறு வையுங்கள். படுத்த பரப்பில் விழும் பொட்டு நீள்வட்டமாகிச் செறிவை இழக்கும்.

லென்ஸைப் பொருளுக்கு அருகில் கொண்டுவந்து, மெல்ல சூரியனை நோக்கி உயர்த்துங்கள். ஒளிவட்டம் சுருங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் மிகச் சிறிதாகும், அதைத் தாண்டினால் மறுபடி விரியும். ஒருமுறை தாண்டிவிட்டுத் திரும்பி வந்தால் சரியான உயரம் கைக்குப் பிடிபடும். பொட்டுக்கு வால் முளைத்தாற்போல் ஒரு பக்கம் நீண்டிருந்தால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வால் மறைந்து வட்டமாகும்வரை லென்ஸைத் திருப்புங்கள்.

இப்போது அசையாமல் இருப்பதுதான் வேலை. 1.4 மி.மீ. பொட்டு 2 மி.மீ. நடுங்கினால் எந்த இடமும் முழுதாகச் சூடேறாது. முழங்கையை முழங்காலில் ஊன்றுங்கள், லென்ஸ் பிடித்த கையை மற்றக் கையால் தாங்குங்கள். லென்ஸை ஏதாவது தாங்கியில் பொருத்தினால் இன்னொரு விஷயம் கவனத்துக்கு வரும்: சூரியன் நகர்கிறது. இரண்டு நிமிடத்தில் தன் விட்டத்தின் அளவு வானில் நகர்ந்துவிடுவதால் பொட்டும் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். தாங்கியை அவ்வப்போது திருப்ப வேண்டும்.

புகையிலிருந்து கங்கு, கங்கிலிருந்து தீ

முதலில் மெல்லிய புகை வரும். அவசரப்பட்டு லென்ஸை எடுக்காதீர்கள், புகை என்றால் கங்கு என்று அர்த்தமில்லை. பொருள் கருகுகிறது, அவ்வளவுதான். அந்தப் புகையே பொட்டின் வழியில் நின்று ஒளியைச் சிதறடிக்கும், எனவே பக்கவாட்டிலிருந்து இதமாக ஊதி அதை விலக்குங்கள். அந்த மூச்சு கங்குக்கு ஆக்சிஜனும் கொடுக்கும்.

வெயிலில் கங்கின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சில நொடி கழித்து லென்ஸை விலக்கி, கையால் நிழல் கொடுத்துப் பாருங்கள். லென்ஸ் இல்லாமலே புகை தொடர்ந்து வந்தால் கங்கு பிடித்துவிட்டது. புகை நின்றுபோனால் இன்னும் இல்லை, அதே இடத்துக்குத் திரும்புங்கள். புது இடம் தேடாதீர்கள், கருகிய இடம்தான் இப்போது கறுப்பாகி உங்களுக்குத் தோதாக இருக்கிறது.

கங்கு பிடித்ததும் பொட்டை அதன் விளிம்பில் மெல்ல நகர்த்தி வளருங்கள். மிளகு அளவுக் கங்கு கூட்டுக்குள் போனால் அணைந்துவிடும். சுண்டுவிரல் நகம் அளவு வந்த பிறகு, அதை அப்படியே நார்க்கூட்டின் குழியில் இறக்கி, கூட்டை லேசாக மூடுங்கள். கங்கு இழைகளைத் தொட வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது.

கூட்டை முகத்துக்குச் சற்று மேலே உயர்த்திப் பிடித்துக் கீழிருந்து ஊதுங்கள். புகை மேலே போகும், கண்ணில் படாது. நீளமாக, மெதுவாக, ஒரே சீராக ஊதவேண்டும். மூச்சு வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். புகை அடர்ந்து, மஞ்சள் கலந்த வெள்ளையாகப் பொங்கி வந்தால் கொழுந்து வர இன்னும் சில நொடிதான். அந்த நேரத்தில் ஊதுவதை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, கையில் சூடு பட்டதும் பயம் வந்துவிடும். தடித்த கையுறை அணிந்திருந்தால் அந்தச் சில நொடியைத் தாண்டிவிடலாம். தீ எழுந்ததும் கூட்டை விறகின் அடியில் வைத்து மெல்லிய சுள்ளிகளில் தொடங்கி அடுக்குங்கள்.

எங்கே தடைபடுகிறது

புகையே வரவில்லை என்றால் ஈரம் அல்லது வெளிர்நிறம். புகை வந்து ஓட்டை மட்டும் விழுந்தால் பொருள் மெல்லியது, மடித்து அழுத்துங்கள். கங்கு பிடித்து ஓரிரு நொடியில் அணைந்தால் கீழே உள்ள பரப்பு சூட்டை இழுக்கிறது, அல்லது கங்கு சிறியது. கூட்டுக்குள் போய் அணைந்தால் கூடு ஈரமாக இருக்கலாம், இறுக்கமாகவும் இருக்கலாம். லென்ஸின் மேல் விரல்ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் பொட்டைச் சுற்றி மங்கலான வளையம் தெரியும், துடைத்தால் போதும்.

லென்ஸ் இல்லாதபோது

டார்ச் விளக்கின் உள்ளே இருக்கும் பளபளக்கும் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பல்பு இருந்த இடம்தான் அதன் குவியம். கரித்துணியைச் சுருட்டிப் பின்துளை வழியே பல்பின் இடத்துக்கு நுழைத்து, கிண்ணத்தின் வாயைச் சூரியனுக்குக் காட்டினால் கங்கு பிடிக்கும். லென்ஸுக்கு மாற்றாக நான் முதலில் நம்புவது இதைத்தான்.

தெளிவான, உருண்டையான கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸாகும். தண்ணீர்க் கோளத்தின் குவியம் அதன் மறுபரப்பிலிருந்து ஓர் ஆரத் தொலைவில் விழும். கண்ணாடிக் கோளத்துக்கு அரை ஆரத் தொலைவுதான். பிளாஸ்டிக் பாட்டிலின் உருண்ட தோள்பகுதியிலும், தண்ணீர் நிரப்பி முறுக்கிய தெளிவான பையிலும் இதைச் செய்யலாம். பொட்டு ஒழுங்கற்று இருக்கும், அதனால் கரித்துணி இல்லாமல் முயல்வது வீண்.

முடிந்த பிறகு

தீயின் மேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய் எங்கும் சூடில்லை என்று உறுதிசெய்த பிறகே நகருங்கள். மீந்த கரித்துணி டப்பாவிலும் ஒரு பொறி உறங்கிக்கொண்டிருக்கக் கூடும், மூடியை இறுக்கி மூடுங்கள், துளையை அடைக்க மறக்காதீர்கள்.

லென்ஸைத் துணி உறையில் போட்டு இழுப்பறைக்குள் வையுங்கள். சாளரத் திண்டிலோ காரின் முன்கண்ணாடிக்குப் பின்னாலோ வைத்துவிடாதீர்கள். வானிலை நிலையங்களில் வெயில் நேரத்தை அளக்க ஒரு கண்ணாடிக் கோளத்தைத்தான் வைத்திருந்தார்கள். நாள் முழுவதும் சூரியன் நகர நகர, அதன் பொட்டு கீழே உள்ள அட்டையில் ஒரு கருகிய கோட்டை இழுத்துச் செல்லும், யாரும் தொடாமலே. 2013-இல் லண்டனில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு தெருவில் நின்ற காரின் பாகங்களை உருகவைத்தது. சாளரத் திரையின் அருகே வெயில் படும் இடத்தில் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குடுவையோ, படிக உருண்டையோ, ஒப்பனைக்கான குழியாடியோ இருந்தால் அதையும் இன்றே இடம் மாற்றிவையுங்கள்.